இல்லாமல் போன ஊராட்சியைத் தேடுவது எப்படி: கிரிப் தீவை வைத்து நார்வே இணைய ஆவணக் காப்பகத்தின் மதிப்பீடு

நார்வேயின் தேசிய ஆவணக் காப்பகம் நடத்தும் டிஜிட்டலார்க்கிவே என்ற இணையச் சேவை 1998இலிருந்து இயங்குகிறது. கட்டணம் கிடையாது. தேடுவதற்கும் படங்களைப் புரட்டுவதற்கும் பதிவு செய்யக்கூடத் தேவையில்லை. நார்வேயில் வேர் தேடுகிறவர்களுக்கு இதுதான் முதல் வாசல். தாத்தா, பாட்டியைத் தேட இது நல்ல சேவை என்பதைப் பலரும் எழுதிவிட்டார்கள். இங்கே பார்க்கப்போவது வேறு: ஒரு ஊராட்சியையே, அதுவும் கலைக்கப்பட்டுவிட்ட ஒரு தீவு ஊராட்சியை, இதில் தேடிப் பிடிக்க முடியுமா?

சோதனைக்குக் கிரிப்பைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. கிறிஸ்தியான்சுன் நகரத்துக்கு வடமேற்கே சுமார் 14 கிலோமீட்டர் தள்ளி, திறந்த கடலில் கிடக்கும் பாறைத் திட்டுகள்தான் கிரிப். 1897 ஜனவரி 1 அன்று அது தனி ஊராட்சியானது. 1964 ஜனவரி 1 அன்று கிறிஸ்தியான்சுன்னோடு சேர்க்கப்பட்டது. இடையில் 67 ஆண்டுகள். மொத்த நிலப்பரப்பு 0.47 சதுர கிலோமீட்டர், அதாவது 116 ஏக்கர். இணைப்பின்போது அங்கே இருந்தவர்கள் 104 பேர். பரப்பிலும் மக்கள்தொகையிலும் நார்வேயின் மிகச் சிறிய ஊராட்சி அதுதான். 1974க்குப் பிறகு ஆண்டு முழுக்க அங்கே குடியிருப்பவர் யாரும் இல்லை. கோடைக்காலத்தில் படகில் போகிறவர்கள் 15ஆம் நூற்றாண்டு மரத் தேவாலயத்தையும் அதில் உள்ள 1515ஆம் ஆண்டுப் பலிபீடச் சிற்பத் தொகுதியையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். இந்தப் பாறைமேல் ஒரு மன்றம் கூடியது, வரி போட்டது, பள்ளிக்கூடம் நடத்தியது என்பதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. அந்தக் கதையைத் தேட வேண்டிய இடம் ஆவணக் காப்பகம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். கிரிப்பில் வாழ்ந்த மனிதர்களைத் தேட இந்தச் சேவைக்கு 5க்கு 5. கிரிப்பை ஆண்ட மன்றத்தைத் தேட 5க்கு 2. இந்த இடைவெளி எதனால் என்று தெரிந்துகொண்டால் வீண் அலைச்சல் பாதியாகக் குறையும்.

தேடத் தொடங்கும்முன் இடப்பெயர்களைச் சரிசெய்துகொள்ள வேண்டும். பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். கிரிப் இருக்கும் மாவட்டம் இன்று மோரே ஓ ரொம்ஸ்டால். அந்தப் பெயர் வந்தது 1936இல். 1919 முதல் 1935 வரை அது மோரே மட்டும்; அதற்கு முன்பு ரொம்ஸ்டால்ஸ் அம்ட். 1900ஆம் ஆண்டுப் பதிவேட்டின் படத்தைத் திறந்தால் மேலே அச்சாகியிருப்பது அந்தப் பழைய பெயர்தான். வேறு மாவட்டத்துக்கு வந்துவிட்டோமோ என்று மூடிவிடாதீர்கள். நகரத்தின் பெயரிலும் சிக்கல் உண்டு. நார்வேயின் தென்கோடியில் கிறிஸ்தியான்சன் என்று இன்னொரு நகரம் இருக்கிறது. எழுத்தில் ஓர் உயிரெழுத்துதான் வித்தியாசம். இரண்டும் ஓயாமல் குழம்பியதால் வடக்கில் உள்ளதற்கு 'என்', தெற்கில் உள்ளதற்கு 'எஸ்' என்று பெயரோடு ஓர் எழுத்தைச் சேர்த்து எழுதினார்கள். பழைய தாள்களில் அந்த ஒற்றை எழுத்தைப் பார்க்காமல் விட்டால் நாட்டின் மறுகோடிக்குப் போய்விடுவீர்கள்.

இதற்கெல்லாம் நல்ல மாற்று, ஊராட்சி எண். கிரிப்பின் எண் 1555. நார்வே இந்த நான்கிலக்க எண்களை 1946இல்தான் கொண்டுவந்தது. ஆனால் காப்பகம் பழைய மூலங்களையும் அந்த எண்களை வைத்தே அடுக்கியிருக்கிறது. அதனால் 1900ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பும் 1555 கிரிப் ஹெரட் என்ற பெயரில் கிடைக்கும். ஹெரட் என்றால் கிராமப்புற ஊராட்சி. கிறிஸ்தியான்சுன்னின் எண் 1503 ஆக இருந்தது. 2008இல் ஃப்ரேய் என்ற பக்கத்து ஊராட்சி அதோடு சேர்ந்தபோது 1505 ஆக மாறியது. 1964க்குப் பிந்தைய எதையாவது தேடுவதானால் இந்த இரண்டு எண்களையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

கணக்கெடுப்புகளில் பெயர்வாரியாக நாடு முழுவதற்கும் கிடைப்பவை 1801, 1865, 1875, 1891, 1900, 1910, 1920. இவற்றில் 1900, 1910, 1920 ஆகிய மூன்றும்தான் கிரிப் தனி ஊராட்சியாக இருந்த காலத்தவை. முந்தையவற்றில் 1555 என்று தேடினால் ஒன்றும் வராது, ஏனென்றால் அப்போது அப்படி ஓர் ஊராட்சியே கிடையாது. அங்கே ஊராட்சிப் பெட்டியைக் காலியாக விட்டு, மாவட்டத்தை மட்டும் தேர்ந்து, வசிப்பிடப் பெட்டியில் கிரிப் என்று எழுதிப் பின்னால் நட்சத்திரக் குறி போடுங்கள். அந்தக் குறி இல்லாவிட்டால், பெயருக்குப் பின்னால் ஒட்டிய எழுத்துள்ள பதிவுகள் எல்லாம் விடுபட்டுப் போகும். 1801ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு பங்கு வாரியாக, அதாவது தேவாலய ஆட்சிப் பகுதி வாரியாக எடுக்கப்பட்டது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 1891ஆம் ஆண்டின் தாள்கள் தனி ரகம். ஆளுக்கு ஒரு சீட்டு என்று எழுதி எண்ணியதால், ஒரு குடும்பத்தைச் சேர்த்துப் பார்க்கப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.

இந்தச் சேவை தன் முழுத் திறமையையும் காட்டுவது 1900ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில். எடுக்கப்பட்ட நாள் டிசம்பர் 3. கிரிப்பைத் திறந்து ஒரு வீட்டைச் சொடுக்கினால் அந்த வீட்டார் அனைவரும் வரிசையாக வருவார்கள்: பெயர், குடும்பத்தில் என்ன உறவு, மணமானவரா, தொழில், பிறந்த ஆண்டு, பிறந்த இடம். பலர் கவனிக்காமல் விடுவது இருப்பு நிலை என்ற சின்னக் கட்டத்தை. அதில் 'பி' என்று இருந்தால் அங்கே குடியிருப்பவர், அன்றும் வீட்டில் இருந்தவர். 'எம்டி' என்றால் தற்காலிகமாக வந்து தங்கியவர். 'எஃப்' என்றால் குடியிருப்பவர்தான், ஆனால் அன்று ஊரில் இல்லை. மீன்பிடி ஊருக்கு இந்த மூன்று குறிகளும் உயிர்நாடி. வெறும் தலைகளை எண்ணினால் ஒரு தொகை வரும். 'எம்டி'களைக் கழித்து, 'எஃப்'களைச் சேர்த்தால் வேறு தொகை வரும். வரி கட்டியதும் மன்றத்துக்கு ஆள் அனுப்பியதும் இந்த இரண்டாவது தொகையைச் சேர்ந்தவர்கள். ஊராட்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் அதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். தொழில் கட்டத்தையும் முழுதாகப் படியுங்கள். மீனவர் என்று நிற்காமல் சொந்தப் படகு உள்ளவரா, கூலிக்குப் போகிறவரா என்று சில இடங்களில் எழுதியிருப்பார்கள். ஆசிரியர், கடைக்காரர், மருத்துவச்சி என்று தனித்துத் தெரிகிறவர்களைக் குறித்துவைத்துக்கொண்டால் பின்னால் ஊராட்சிக் குழுக்களில் அந்தப் பெயர்கள் வரும்போது கை கொடுக்கும்.

1910இல் இன்னும் ஒரு வசதி: பிறந்த நாளே முழுதாக இருக்கும். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் பிரித்தறிய இது போதும். அப்படி இருப்பது அபூர்வமல்ல. 1923ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை எல்லாருக்கும் நிலையான குடும்பப் பெயர் இருந்ததில்லை. நம் ஊரில் தகப்பன் பெயரை முன்னெழுத்தாகப் போடுவதுபோல, அங்கே தகப்பன் பெயரோடு மகன் என்றோ மகள் என்றோ ஒட்டிக்கொள்வார்கள். சிலர் இடத்தின் பெயரையே கடைசிப் பெயராக வைத்துக்கொள்வார்கள். ஒரே ஆள் ஒரு கணக்கெடுப்பில் தகப்பன் பெயரோடும் அடுத்ததில் இடப் பெயரோடும் நிற்கலாம். அதனால் பெயரை வைத்துத் தொடராமல், முதற்பெயரையும் பிறந்த ஆண்டையும் வைத்துத் தொடருங்கள். எழுத்து மாற்றமும் உண்டு: மேலே வட்டமிட்ட 'ஏ' நார்வேஜிய எழுத்து முறையில் சேர்ந்தது 1917இல். அதற்கு முன்பு இரட்டை 'ஏ' எழுதுவார்கள். இரண்டையும் தேடிப் பார்க்க வேண்டும்.

எழுத்துப் பெயர்ப்பில் பிழைகள் இருக்கின்றன. பழைய கையெழுத்தை மனிதர் படித்தாலும் எந்திரம் படித்தாலும் தவறு வரத்தான் செய்யும். ஆகவே, முக்கியமான எதையும் தட்டச்சு வடிவத்திலிருந்து மட்டும் எடுத்து எழுதாதீர்கள். பதிவிலிருந்து மூலத் தாளின் படத்துக்குப் போய் ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் நிலையான முகவரி ஒன்று உண்டு. உலாவியின் மேலே தெரியும் முகவரியை நகலெடுக்காமல், பக்கத்திலேயே கொடுத்திருக்கும் அந்த நிலையான முகவரியை எடுத்து வைத்தால், பத்தாண்டு கழித்துக் கட்டுரையைப் படிப்பவரும் அதே தாளைத் திறக்கலாம். இந்த ஒரு வசதிக்காகவே இதை உருவாக்கியவர்களைக் கும்பிடலாம்.

கிரிப்பின் நிலம் யாருடையது என்று கேட்டால் அதற்கும் இங்கே பதில் தேடலாம். நார்வேயின் இந்தக் கடற்கரையில் மீன்பிடி ஊர் முழுவதும் ஒரு முதலாளியின் சொத்தாக இருப்பது வழக்கம். வேரேயர் என்று அவருக்குப் பெயர். மனையும் வீடும் படகுத்துறையும் அவருடையவை. மீனவர் பிடித்த மீனை அவரிடம்தான் விற்க வேண்டும், வேண்டிய சாமானையும் அவர் கடையில்தான் வாங்க வேண்டும். கிரிப்பும் அப்படி ஓர் ஊராக இருந்ததுதான். சொத்து கைமாறிய பதிவுகள் அடைமானப் பதிவேடுகளில் இருக்கும். நோர்ட்மோரே நீதித்துறைப் பகுதியின் பதிவேடுகளாக அவை படம் பிடித்துப் போடப்பட்டிருக்கின்றன. அவற்றில் பெயர் தேடல் வேலை செய்யாது. பதிவேட்டின் அகரவரிசைப் பட்டியலைப் பார்த்து, பக்க எண்ணைக் குறித்து, அந்தப் பக்கத்துக்குக் கையால் போக வேண்டும். நார்வேஜிய அகரவரிசையில் கடைசி மூன்று எழுத்துகள் 'இசட்'டுக்குப் பிறகு வரும் என்பதை மறந்தால் பாதி நாள் போய்விடும்.

இனி ஆட்சி. இரண்டு மதிப்பெண் மட்டும் கொடுத்த பகுதி இது.

நார்வேயின் ஊராட்சி முறை 1837 ஜனவரி 14 அன்று நிறைவேறிய சட்டங்களிலிருந்து வருகிறது. ஒவ்வோர் ஊராட்சிக்கும் ஒரு மன்றம். மன்ற உறுப்பினர்களில் நான்கில் ஒரு பங்கினர் ஃபோர்மன்ஸ்காப் என்ற செயற்குழு. அதிலிருந்து தலைவர், அவருக்கு ஊர்ட்ஃபோரர் என்று பெயர். கிரிப் 1897இல் பிறந்தபோது இந்த அமைப்பு முழுவதும் அதற்கும் வந்தது. சட்டம் சிறிய ஊருக்கு என்று தனிச் சலுகை தரவில்லை. பள்ளிக் குழு, ஏழைகள் பராமரிப்புக் குழு, சுகாதாரக் குழு, வரி மதிப்பீட்டுக் குழு, வழக்குக்கு முன் இருதரப்பையும் சமாதானம் செய்து வைக்கும் குழு என்று எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். நூறு, இருநூறு பேர் உள்ள ஊரில், அதில் குழந்தைகளைக் கழித்து, கடலில் இருப்பவர்களையும் கழித்துப் பார்த்தால் என்ன மிஞ்சும்? ஒரே மனிதர் பல நாற்காலிகளில் உட்கார்ந்தே ஆக வேண்டும். உறவினருக்கு வரி போட வேண்டியிருக்கும், பக்கத்து வீட்டுக்காரருக்கு உதவித்தொகையை மறுக்க வேண்டியிருக்கும். சிற்றூராட்சியின் உண்மையான பாரம் இதுதான். இது எழுதப்பட்டிருக்கும் இடம் மன்றக் கூட்டப் பதிவேடு.

அந்தக் கூட்டப் பதிவேட்டை டிஜிட்டலார்க்கிவேயில் தேடி ஏமாறுகிறவர்கள் அதிகம். காரணம் எளிது. இந்தச் சேவையில் முதன்மையாக இருப்பவை அரசின் ஆவணங்கள்: கணக்கெடுப்பு, தேவாலயப் பதிவேடு, நீதிமன்றம், அடைமானம். மோரே ஓ ரொம்ஸ்டால் மாவட்டத்துக்கு இவற்றைக் காப்பது டிரொன்ஹெய்மில் உள்ள அரசு ஆவணக் காப்பகம். ஊராட்சியின் தாள்கள் ஊராட்சியின் சொத்து. ஊராட்சி கலைந்தால் எந்த ஊராட்சியோடு சேர்ந்ததோ அதன் பொறுப்பில் போகும். இந்த மாவட்டத்தில் ஊராட்சிகள் கூட்டாக நடத்தும் காப்பகம் ஓலெசுன் நகரில் இருக்கிறது. ஆக, தேட வேண்டிய இடம் ஆர்க்கிவ்போர்ட்டாலன் என்ற பொதுப் பட்டியல். பல காப்பகங்களின் இருப்புகளை அது ஒன்றாகக் காட்டும். அதில் கிரிப் கொம்மூனே (கொம்மூனே என்றால் ஊராட்சி) என்று தேடி, வரும் பெட்டி எண்களைக் குறித்துக்கொண்டு, வைத்திருக்கும் காப்பகத்துக்கு எழுத வேண்டும். பட்டியலில் பெயர்தான் இருக்கும். படம் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். டிஜிட்டலார்க்கிவேயில் ஊராட்சியின் பெயரைப் போட்டவுடன், மன்ற ஆவணங்கள் இங்கே இல்லை, அந்தக் காப்பகத்தைக் கேளுங்கள் என்று ஒரு வரி கண்ணில் படும்படி வந்தால் எத்தனை பேருக்குப் பயன்படும்! வெளிநாட்டிலிருந்து தேடுகிறவர்களுக்கு இந்தப் பிரிவினை தெரிய வாய்ப்பே இல்லை. மதிப்பெண் குறைவது இதனால்தான்.

ஒரு நல்ல செய்தி உண்டு. தனிமனிதர் விவரங்களுக்கான இரகசியக் காப்பு பொதுவாக 60 ஆண்டு. கிரிப் ஊராட்சி கலைந்து 60 ஆண்டு தாண்டிவிட்டது. சில வகைத் தாள்களுக்கு 100 ஆண்டு என்ற வரம்பு இன்னும் தொடர்கிறது, ஆனால் சாதாரண மன்றக் கூட்டப் பதிவேட்டுக்கு அது குறுக்கே நிற்காது.

தேர்தலைத் தேட வேறு கதவு. நார்வே புள்ளியியல் துறை தன் பழைய அச்சு வெளியீடுகளைத் தன் தளத்திலேயே இலவசமாகப் போட்டிருக்கிறது. 1901 முதல் 1937 வரை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஊராட்சித் தேர்தல். 1940இல் நடக்கவில்லை. பிறகு 1945, 1947. அதிலிருந்து நான்கு ஆண்டுக்கு ஒருமுறை. கிரிப்புக்கென்று கடைசி மன்றம் தேர்ந்தெடுக்கப்பட்டது 1959இல். 1963ஆம் ஆண்டுத் தேர்தல் இணைப்புக்குப் பிந்தைய புதிய ஊராட்சிக்கு. அந்த அட்டவணைகளில் ஊராட்சி வாரியாக வாக்குரிமை உள்ளவர்கள், வாக்களித்தவர்கள், ஆண் பெண் கணக்கு எல்லாம் வரும். 1901இல் வரி செலுத்தும் அளவுக்கு வருமானம் உள்ள பெண்களுக்கு, அல்லது அப்படிப்பட்ட கணவர் உள்ளவர்களுக்கு ஊராட்சித் தேர்தலில் வாக்கு கிடைத்தது. 1910இல் எல்லாப் பெண்களுக்கும் கிடைத்தது. ஒரு சிறு தீவில் இந்த எண்கள் எப்படி மாறின என்று வரிசையாக எழுதிப் பார்ப்பது ஒரு மாலைப் பொழுதின் வேலை. பலன் பெரிது. இன்றும் தனி ஊராட்சியாக நிற்கும் உட்சிரா தீவில் 1925ஆம் ஆண்டுத் தேர்தலில் 12 இடங்களில் 11 இடங்களுக்குப் பெண்கள் வந்தார்கள். ஓஸா ஹெல்கெசன் நார்வேயின் முதல் பெண் ஊராட்சித் தலைவரானார். ஆண்கள் கடலிலும் பெண்கள் கரையிலும் இருந்த தீவுகளில்தான் இப்படி நடக்க முடிந்தது. கிரிப்பின் எண்களைப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1941 முதல் 1945 வரையிலான கூட்டப் பதிவேடு கைக்குக் கிடைத்தால் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களுக்கு அதிகாரம் இல்லை. தலைவர் மேலிருந்து நியமிக்கப்பட்டார், மற்றவர்கள் ஆலோசனை சொல்லலாம், அவ்வளவுதான். அதனால் அந்த ஆண்டுகளில் வாக்கெடுப்பைத் தேடினால் கிடைக்காது. ஏடு கிழிந்துவிட்டதோ என்று நினைக்க வேண்டாம்.

கிரிப் ஏன் கலைந்தது என்பதற்கு 1946இல் அமைக்கப்பட்ட ஷெய் குழுவின் தாள்களுக்குப் போக வேண்டும். நிக்கொலாய் ஷெய் தலைமையிலான அந்தக் குழு நாடு முழுவதும் சிறிய ஊராட்சிகளை இணைக்கப் பரிந்துரைத்தது. 744ஆக இருந்த ஊராட்சிகள் 1960களின் முடிவுக்குள் 454ஆகக் குறைந்தன. பள்ளிக்கூடமும் சமூக உதவியும் நடத்தும் அளவுக்கு ஒவ்வோர் ஊராட்சிக்கும் ஆளும் வரி வருவாயும் வேண்டும் என்பது வாதம். 104 பேருக்கு அந்த வாதத்தை எதிர்த்து நிற்பது கடினம். எல்லை மாற்றங்களை மட்டும் சரிபார்க்கப் புள்ளியியல் துறை 1999இல் வெளியிட்ட ஊராட்சி எல்லை மாற்றங்களின் வரலாற்றுத் தொகுப்பு போதும். எந்த நாளில் எத்தனை பேரோடு எந்த ஊராட்சி எதில் சேர்ந்தது என்பது ஒரு வரியில் இருக்கும்.

நாளிதழ்களுக்கும் உள்ளூர் வரலாற்று நூல்களுக்கும் தேசிய நூலகத்தின் தளம். அங்கே கிரிப் என்று மட்டும் தேடினால் கடல் அலைபோல் வந்து கொட்டும், ஏனென்றால் நார்வேஜிய மொழியில் அந்தச் சொல்லுக்குப் பிடி என்று பொருள். மேற்கோள் குறிக்குள் கிரிப் ஹெரட் அல்லது கிரிப் ஹெரட்ஸ்ஸ்டூரே என்று இரண்டு சொற்களையும் சேர்த்துத் தேடினால் ஊராட்சியும் ஊராட்சி மன்றமும் வரும். 1906இல் தொடங்கிய தீடன்ஸ் கிராவ் என்ற கிறிஸ்தியான்சுன் நாளிதழ் மன்றச் செய்திகளுக்கு நல்ல இடம். ஆனால் பதிப்புரிமை உள்ள நூல்கள் நார்வேயில் உள்ள இணைய இணைப்புக்கு மட்டும் திறக்கும். பல நாளிதழ்களை நூலகத்துக்கு நேரில் போய்த்தான் படிக்க முடியும். ஓஸ்லோவிலோ பெர்கனிலோ இருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் பள்ளிக்கு உள்ளூர் வரலாறு எழுதுவதானால் இந்தத் தடை அவர்களுக்கு இல்லை. சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ தேடுகிறவர் ஆய்வு நோக்கத்தைச் சொல்லி அனுமதி கேட்க வேண்டியிருக்கும்.

காப்பகத்துக்கு எழுதும்போது ஊராட்சியின் பெயரோடு 1555 என்ற எண், 1897 முதல் 1963 வரை என்ற காலம், வேண்டிய வகை (மன்றக் கூட்டப் பதிவேடா, பள்ளிக் குழுவினதா, வரிப் பட்டியலா), ஆண்டு, பட்டியலில் கண்ட பெட்டி எண் ஆகிய ஐந்தையும் ஒரே கடிதத்தில் கொடுங்கள். கிரிப் பற்றிய எல்லாம் அனுப்புங்கள் என்று எழுதினால் பதில் வரத் தாமதமாகும், வந்தாலும் பொதுவாகத்தான் இருக்கும். ஆங்கிலத்தில் எழுதலாம். கணக்கெடுப்புகளில் அடுத்தது 1930 டிசம்பர் 1 அன்று எடுத்தது; நூறாண்டுக் காப்பு முடிந்து 2030 டிசம்பரில் திறக்கும். கிரிப் தனி ஊராட்சியாக வாழ்ந்த காலத்தின் சரிபாதியில், 34ஆம் ஆண்டில் எடுத்த கணக்கு அது. அதுவரை 1920ஆம் ஆண்டுப் பட்டியலையும் 1928, 1931 தேர்தல் அட்டவணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துக்கொண்டிருக்கலாம்.